இரண்டு பேனாக்களின் சுருள்

பத்து காவானில்
வீடுகள் இன்னும் வராத ஒரு வீடமைப்புத் திட்டம்.
தார் மட்டும் முதலில் வந்துவிட்டது,
கூடவே ஒன்பது தெருவிளக்கு.
ஞாயிறு காலை ஏழு மணிக்கு
அது எங்கள் ஓடுதளம்.

மஞ்சள் விமானம். இறக்கை
நான் இரு கையும் விரித்த நீளம்.
முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒன்று.
அந்த ஒன்று
ஐம்பது காசைவிடக் கொஞ்சம் பெரிது.
மூன்று வாரம் என்னை அழவைத்தது அதுதான்.

விசையைக் கூட்டுவேன்.
பத்தடி நேராய் ஓடும், சத்தியம் செய்துகொடுத்தவன் போல.
பிறகு இடப்பக்கம் எதையோ மறந்து வைத்துவிட்டதாக
சட்டென்று வாலை வீசி
வந்த வழியே திரும்பி என்னைப் பார்க்கும்.
ஒரு முறை கால்வாய்க்குள்.
ஒரு முறை அஸ்ஹாரின் மோட்டார் சைக்கிளில்.
"அதுக்கும் பசியாறணும்ல" என்றான்,
நசுங்கிய நாசி லெமாக் பொட்டலத்தைத்
தூக்கிப் பார்த்தபடி.

நான் பிறை கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள்.
பின்சக்கரத்தால் திரும்பும் வண்டியைப் பற்றி
எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.
மூக்கு வலப்பக்கம் போனால்
பின்புறம் இடப்பக்கம் வீசும்.
முதல் மாதம் அப்படித்தான்
ஒரு தூணையும் பதினாறு பெட்டி சோயா பாலையும்
பார்க்காமலே சாய்த்தேன்.

அந்தத் திமிரில் கட்டியது:
சுக்கானிலிருந்து வால்சக்கரத்துக்கு
நேராக ஓர் எஃகுக் கம்பி,
மயிரிழை ஆட்டமில்லை.
சொன்னதைச் செய். சொன்ன கணத்தில் செய்.

செய்தது.
இறங்கும்போது தாரில் ஒரு கல்.
அடி சக்கரத்தில் விழுந்து
கம்பியில் ஏறி
சுக்கானைக் கடந்து
உள்ளே சர்வோவின் பல்லில் போய் முடிந்தது.
திறந்து கொட்டினேன்.
உள்ளங்கையில்
குருணை போல வெள்ளைப் பல் நான்கு.
பதினெட்டு வெள்ளி.

செவ்வாய் இரவு, மாக் மண்டின் அடுக்குமாடி.
மீன்குழம்புச் சட்டியை ஓரம் தள்ளி
விமானத்தை மல்லாத்தினேன்.
கிடங்கிலிருந்து கைமறதியாய் வந்த பேனா இரண்டு,
கழற்றினால் சுருள் இரண்டு.
கம்பி இருந்த இடத்தில்
இடம் ஒன்று, வலம் ஒன்று.

எவ்வளவு இழுப்பது?
இறுக்கினால் மறுபடி பதினெட்டு வெள்ளி.
தளர்த்தினால் சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும்.
விரலால் தள்ளிப் பார்த்தேன், இருபது தடவை இருக்கும்.
கடைசியில் ஒருமுறை
விட்டுக்கொடுத்தது, பிறகு வந்தது,
அடுப்படியில் கூப்பிட்டால்
கையைத் துடைத்துக்கொண்டு வருகிற தாமதத்தோடு.
போதும், அது போதும்.

அப்போதுதான் கண்ணில் பட்டது:
சக்கரத்தின் அச்சு, திருகுமுளைக்கு முன்னால் நிற்கிறது.
பின்னால் அல்லவா தொங்கியிருக்க வேண்டும்,
மாட்டுக்குப் பின்னால் வண்டி மாதிரி.
மூன்று வாரம் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.
குறடால் வளைத்தேன்.
முன்சக்கரங்களையும் விடவில்லை,
நடை பழகும் பிள்ளையின் கால்போல
நுனி கொஞ்சம் உள்ளே.

ஞாயிறு.
வாலைத் தரையோடு அழுத்திப் பிடித்து
விசையை மெல்ல, மெல்ல.
பத்தடி. இருபது.
அஸ்ஹார் மோட்டார் சைக்கிளைத் தள்ளி நிறுத்தியிருந்தான்.
வால் எழும்பியது.
அதற்கு மேல் காற்றின் பொறுப்பு.

மேலே ஒரு வட்டம் போய்
தலைக்கு மேல் தாழப் பறந்தபோது பார்த்தேன்:
சுக்கான் திரும்பும் போதெல்லாம்
வால்சக்கரமும் திரும்புகிறது,
இடம், வலம், இடம்,
கீழே தரை இல்லை என்பதை
அதற்கு யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கிடங்கில்
ஈப்போ லாரிக்காரர் ரசீதில் கையெழுத்துப் போடப்
பேனாவை அமுக்குகிறார்.
முனை வெளியே வருகிறது.
மறுபடி அமுக்குகிறார்.
திரும்பிப் போக அதற்குத் தெரியவில்லை.
உதறுகிறார், காதருகே வைத்து ஆட்டுகிறார்.

என் சட்டைப்பையில் வேறொன்று இருந்தது.
கொடுத்தேன்.