மூணுக்குள்ளே

அதிகாரி ஜீப்பை நிறுத்தியது அம்மன் கோயில் முன்னால்.
அவருக்கு ஊர் அங்கிருந்து ஆரம்பம்.
போனைப் பார்த்துச் சொன்னார்:
"ரெண்டு புள்ளி ஒன்பது. மூணுக்குள்ளதான் வருது.
தாண்டுனாத்தான் வேன் கேக்க முடியும்."

கோயிலுக்குத் தெற்கே ஓடை,
ஓடை தாண்டி உடங்காடு,
அதற்கும் அந்தப் பக்கம் எங்கள் பதினெட்டு வீடு.
சப்பரம் அதுவரை வந்ததில்லை.
தார் வந்ததில்லை.
இப்போது கணக்கும் வரவில்லை.

நான் குவாரிக்கு டாரஸ் ஓட்டுகிறவன்.
லாரிக்காரன் பேச்சில் நடை என்றால்
ஒரு லோடு ஏற்றி இறக்கித் திரும்புவது.
எனக்கு நாளைக்கு ஏழு நடை.
அருள்கனிக்கு ரெண்டு.

ஒருநாள் வேண்டுமென்றே
வீட்டு வாசலிலிருந்து வண்டியைக் கிளப்பினேன்.
பள்ளிக்கூட கேட்டில் மீட்டர் மூணு புள்ளி ஏழு.
ஓடையில் ஊர்ந்தும்
பத்தே நிமிஷம்.

"நடந்தா என்ன, நாங்கல்லாம் நடக்கலியா?"
டீக்கடையில் துரைப்பாண்டி.
நடந்தார்தான்.
அஞ்சாங் கிளாசோடு நின்றார்.

வண்டி பட்டறையில் கிடந்த வியாழக்கிழமை
அவளோடு நடந்தேன்.
ஆடிக் காற்று; வாயெல்லாம் செம்மண்.
பையை வாங்கித் தோளில் போட்டால்
ஜாக்கியைத் தூக்கின மாதிரி இருந்தது.
காற்றாலைகளை எண்ணிக்கொண்டே வந்தாள்.
"பதினாலாவது காத்தாடிலதான் தண்ணி குடிக்கணும்ப்பா,
முன்னயே குடிச்சா பத்தாது."

பஸ் வராத நிழற்குடையில் ஒரு செவலை நாய்.
அதற்கு இவள் வைத்த பேர் 'சார்'.
குட்மார்னிங் சார் என்றால் கடிக்காதாம்.
நானும் சொன்னேன்.

பிந்திப் போனால் கேட்டுக்கு வெளியே நிற்கணும்.
அந்த நிற்பைத்
தூரத்தில் சேர்ப்பதா, விடுவதா
என்று எந்த மனுவிலும் கட்டம் இல்லை.

லாரிச் சத்தம் கேட்டது.
எனக்கு முன்னால் அவளுக்குக் கேட்டது.
கையைப் பிடித்து ரோட்டை விட்டு இறக்கினாள்.
"கண்ண மூடுங்க, வாய மூடுங்க,
மூக்கப் பொத்திக்கிட்டு இருவது எண்ணுங்க."
எண்ணினேன்.
பதினெட்டில் கண் திறந்துவிட்டேன்.
எங்கள் கம்பெனி வண்டி.
ஓட்டியது சிவனைந்தான்.
நேற்று இதே வளைவில்
இதே வேகத்தில்
நான்.

ராத்திரி அவள் குதிகாலில் உடைமுள்.
செல் வெளிச்சத்தில் ஊசியால் தோண்டினேன்.
"எப்ப குத்துச்சு?"
"நேத்து. ஒரு லாரி ஆரன் கூட அடிக்காம வந்துச்சு,
காட்டுக்குள்ள குதிச்சுட்டேன்.
எந்த டிரைவர்ப்பா அது, உங்களுக்குத் தெரியுமா?"

ஊசி வழுக்கியது.
"காலை ஆட்டாத," என்றேன்.
அவள் ஆட்டவே இல்லை.