சுவரில் நூற்றெண்பது லிட்டர்

அறுத்த இடத்திலிருந்து மரத்தூள் கொட்டியது.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே
எவரோ எந்தக் குளிருக்கோ அடைத்தது.
ஓட்டை விழுந்த மூட்டை போல
நிற்காமல் கொட்டியது.
நானும் தார்மோவும் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு
முடியட்டும் என்று நின்றோம்.

அடுப்படிக்கும் லீஸ்பெத் அறைக்கும்
நடுவிலிருந்த சுவர்.
லீஸ்பெத் அவன் மகள். பதினான்கு வயது.
என் மகள் இல்லை என்பதை
நாங்கள் இருவருமே
ஒருநாளும் மறந்ததில்லை.

தார்த்துவின் பழைய மரவீடு, தரை தாங்காது என்றார்கள்.
தண்ணீர், கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்தால்
மூன்று தடியர்கள்
இரவு பகலாக ஒரே இடத்தில் நிற்கிற பாரமாம்.
தார்மோ நிலவறைக்குள் இறங்கி
உருளைக்கிழங்குப் பெட்டிகளைத் தள்ளிவிட்டு
இரண்டு செங்கல் தூண் எழுப்பினான்.
"வீடு விழுந்தாலும் தொட்டி நிற்கும்."
அவன் அப்படித்தான்,
எடை தெரிந்த எதற்கும் முட்டுக் கொடுத்துவிடுவான்.

ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை
அடியில் அட்டைத் துண்டுகளைச் செருகினோம்.
சிலிக்கான் பசையின் காடி நாற்றம்
இரண்டு நாள் ரொட்டியில் ஏறியது.
அப்புறம்தான் பார்த்தோம்:
என் பக்கம் புகைபோக்கி இடிக்கிறது.
மூடி திறப்பது
அவள் பக்கத்தில் மட்டும்.

ஐந்து வாரம் மீன் இல்லை.
தண்ணீர் பழுக்க வேண்டுமாம்.
கண்ணுக்குத் தெரியாதவை குடியேறி
நஞ்சைத் தின்னப் பழக வேண்டுமாம்.
வெறும் தண்ணீருக்கு விளக்குப் போட்டு
காபியோடு உட்கார்ந்திருந்தேன்.
அந்தப் பக்கம் அவள் கறுப்புப் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தாள்.
தெரிந்தது என் முகம்தான்,
அதுவும் கொஞ்சம் பச்சையாக.

மீன்கள் வந்தன.
பன்னிரண்டு நியான் டெட்ரா, பயந்த பென்சில் கோடுகள்.
ஒரே ஒரு கெளுத்தி, மீசையால் மணலைத் துழாவிக்கொண்டு.
காலை ஏழரைக்கு அப்பாவின் கைபேசிக்கு
அவளிடமிருந்து ஒரு சொல் வரும்: போட்டாச்சு.

டிசம்பர். மூன்றரைக்கே இருட்டு.
எமாயோகி ஆறு உறைந்துகொண்டிருந்தது.
கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தேன்.
ஈரத்தில் பிளாஸ்டிக்கின் மூலை கழன்றிருந்தது,
உள்ளங்கை அகலத்துக்கு.
அதில் ஒரு கண்.
நீர் ஊதிப் பெருக்கிய, சாசர் அளவுக் கண்.
என் கையில் கத்தி வேறு.

ஏதோ சொன்னாள்.
நாற்பது சென்டிமீட்டர் தண்ணீர் அதைக் குடித்துவிட்டது.
நான் கையை விரித்தேன்.
அவள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி இடுக்கில் பிடித்தாள்:
கர்னல் எதுவும் சாப்பிடவில்லை.

கர்னலா?
விரலால் மீசை வரைந்து காட்டினாள்.
ஓ, ஹெல்மி.
என் பக்கத்தில் அவள் ஹெல்மி,
இரண்டு மாதமாக,
நான் உப்புப் போடுவதைக்கூட
அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போடுவேன்.

மாவுப் பையைக் கிழித்து எழுதினேன்:
மதியம் பட்டாணி தின்றாள். தோல் உரித்துப் போட்டேன்.

எழுதியபிறகுதான் உறைத்தது.
மதியம் அவள் பள்ளியில்.
மூடி அவள் அறையில்.

கண் அந்த வரியை இரண்டு முறை படித்தது.
பிறகு பிளாஸ்டிக் மேலே ஏறியது,
டேப் ஒட்டும் சத்தம்
சுவர் வழியாகக் கேட்டது,
நீளமாக, நாலு தடவை.
தார்மோவிடம் சொல்லவில்லை.
கிழங்கு கறுத்துப்போயிருந்தது.

மூன்றாம் நாள் அவள் கதவில் ஒரு தாள்:
*செவ்வாய், வெள்ளி. பட்டாணி மூன்று, அதற்கு மேல் கூடாது.
தட்டிவிட்டு வரவும்.*

இன்று வெள்ளி.
அவள் ஆறாவது பாடவேளையில் இருப்பாள்.
உரித்த பட்டாணி மூன்றும் உள்ளங்கையில் ஈரமாக.
ஆளில்லாத அறையின் கதவைத் தட்டுகிறேன்.
கொஞ்சம் காத்திருக்கிறேன்.
உள்ளே மோட்டார் முனகுகிறது.
இன்னொரு தரம் தட்டிவிட்டுப் போகிறேன்.