நாற்பத்தேழாவது நடை

டிரைவர் சீட்டுக்குப் பின்னால்
முதலுதவிப் பெட்டிக்கு அடியில்
டேப் சுற்றி ஒட்டியிருக்கிறேன் என் கருவியை.
சோப்பு டப்பா அளவு.
விநாடிக்கு ஒரு வரி எழுதும்:
வேகம், உயரம், சரிவு, நின்றதா, கிளம்பியதா.
பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்,
ஒகேனக்கலிலிருந்து பென்னாகரம்.
நாளைக்கு ஆறு நடை. எட்டு நாள்.

இந்தத் தடத்தில் பேட்டரி பஸ் ஓடுமா,
ஓடினால் எத்தனை யூனிட் தின்னும்
என்பது கேள்வி.
கேட்டவர்கள் சென்னையில் இருக்கிறார்கள்.
பதில் மாதையனின் வலது காலில் இருக்கிறது.

இறக்கத்தில் அந்தக் கால்
பிரேக்கை விட்டு எழுவதே இல்லை.
மூன்றாவது வளைவில் கரிந்த வாசம் வரும்,
ஜன்னலோரத்தில் முந்தானைகள் மூக்குக்குப் போகும்.
"மலை தர்ற கூலிங்க அது,
வாங்கி வைக்கப் பையில்லாம
எரிச்சுட்டுப் போறோம்."
இதை மாதையன் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.
அவர் கேட்டது:
"அந்த வண்டியில ஹார்ன் இருக்குமா?"

காலையில் இறங்குகிறவர்கள்
எண்ணெய்ப் புட்டியும் துண்டுமாய் மசாஜ்காரர்கள்,
அரைத்த மசாலாத் தூக்கோடு மீன் வறுக்கும் பெண்கள்.
மாலையில் அதே ஆட்கள் ஏறும்போது
எடை கூடியிருக்கும்:
ஈரத் துணி, விற்காத கெண்டை,
ஐஸ் உருகி ஒழுகும் கூடை,
அருவி பார்க்க வந்து
தோளில் தூங்கிப்போன யார் யார் பிள்ளைகளோ.
இறங்கும்போது பத்து வந்தால்
ஏறும்போது முப்பது போகும்.
அது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

தெரியாமல் இருந்தது வேறு.
மாலை ஏற்றத்தில், வரி ஆயிரத்து முந்நூறுக்கு முன்பின்,
நிறுத்தமே இல்லாத காட்டுக்குள்
நாற்பது விநாடி நிற்கிறது வண்டி.
தினமும்.
பிழை என்று சிவப்பில் காட்டியது கம்ப்யூட்டர்.
நீக்கவா என்றும் கேட்டது.

கண்டக்டர் தீர்த்தகிரி
சில்லறையை எண்ணி முடித்துவிட்டுச் சொன்னார்:
"செக்போஸ்ட் வாட்சருக்குச் சோத்துத் தூக்கு, சார்.
இதக் குடுத்துட்டு
காலையிலத வாங்கணும்ல?"

நீக்கவில்லை.

நாற்பத்தேழாவது நடை, இறக்கம்.
வளைவில் யானைகள்.
பெரிது மூன்று, நடுவில் சின்னதாய் ஒன்று.
மாதையன் எஞ்சினை அணைத்தார்.

பஸ்ஸுக்குள் இத்தனை சத்தம் இருந்ததென்று
அணைந்த பிறகுதான் தெரிந்தது.
கண்ணாடிகளின் கடகடப்பு நின்றது.
எங்கோ மூங்கில் உரசியது.
கடைசி சீட்டில் பச்சியம்மாள்
கத்திப் பேசிக்கொண்டிருந்ததைச் சட்டென்று
ரகசியமாக்கித் தொடர்ந்தாள்:
மருமகன் கைமாத்தாய் வாங்கிய நாலாயிரம்.
மொத்த பஸ்ஸும் கேட்டது.

பதினொரு நிமிடம்.
கருவி சுழி சுழியாய் எழுதியது,
அறுநூற்று அறுபது சுழி.

குட்டி புதருக்குள் போய்
இன்னும் கொஞ்சம் பொறுத்துச்
சாவியைத் திருப்பினார் மாதையன்.
வண்டி உதறி, இருமி,
பின்னால் கறுப்பாய் விட்டது.
நாங்கள் போன பிறகும்
நின்ற இடத்திலேயே நின்றது புகை.
வளைவு மறைக்கும்வரை பார்த்தேன்.

ஓடும் என்றுதான் வருகிறது கணக்கு,
மதியம் ஒரு தரம் பென்னாகரத்தில் சார்ஜ் போட்டால்.
கீழே டீக்கடையில் மாதையனிடம் சொன்னேன்.
"ஹார்ன்?"
இருக்கும் என்றேன்.
"யானைக்கு ஹார்ன் அடிக்கக் கூடாதே," என்றார்,
"சத்தமில்லாம வர்ற வண்டி
அதுக்கு எப்படித் தெரியும்?"
ஏழு அட்டவணை போட்டிருக்கிறேன் அறிக்கையில்.
எட்டாவதற்குத் தலைப்பு மட்டும் எழுதினேன்,
டீ கிளாஸின் ஈர வட்டத்துக்குப் பக்கத்தில்.

நாற்பத்தெட்டு, ஏற்றம், கடைசி.
நின்றபடி வந்தவர்கள் இருபத்தாறு பேர்.
காட்டுக்குள் வண்டி நின்றது.
தீர்த்தகிரியின் இரண்டு கையிலும் டிக்கெட்டும் காசும்.
தூக்கை என்னிடம் நீட்டினார்.
இறங்கி, ஓடி, கொடுத்து,
காலித் தூக்கை வாங்கி,
மூடி உருண்டு, பொறுக்கி, ஏறினேன்.

ஐம்பத்திரண்டு விநாடி.