இன்றுமுதல் இவருக்குப் பதிலாக இவர்

அறிவியல் நகர் கேற்றைத் தாண்டி
ஏ-ஒன்பதில் பஸ் ஏறவும் சண்டை தொடங்கிற்று.
அமிர்தரேகையின் முகம் மாறி நாலு நாள்.

"சாம்பிள் மாதிரி இல்லாட்டி
பையர் எடுப்பானோ?" என்றாள் யசோமலர்.
குவாலிட்டி செக்கர். கொலரில் ஒரு நூல் நீண்டாலே
பெட்டியோடு திருப்புகிறவள்.
"பழையவளுக்கு வட்ட முகம். உவளுக்கு நாடி கூர்.
அஞ்சு வருசமா நான் அழுதது
அந்த மூஞ்சைக்கடி.
இதுக்கு எப்பிடி அழுறது?"

கேதாரகௌரிக்கு விசயமே நேற்றுத்தான் தெரியுமாம்.
நாடகம் ஓடும் நேரம் அவள் குசினியில்
தேங்காய் துருவுவாள்;
டப்பிங் குரலை மாற்றவில்லை.
"குரல் அதுதானே, பிறகென்ன?"
"அப்ப நீ ஒரு ரேடியோ வாங்கு!"
பின்சீற் முழுக்கச் சிரிப்பு.

விதுசா லைனுக்கு வந்து ஆறு மாதம்.
அவள் பிடித்துக்கொண்டது மச்சத்தை.
புதியவளின் இடக்கன்னத்தில் மையால் வைத்தது
வியாழக்கிழமை வலக்கன்னத்துக்குப் போய்விட்டதாம்.
"ஆள் வேறயெண்டால் வேறதானே.
மச்சம் வைச்சு ஏன் பேக்காட்டுறாங்கள்?"

முறிகண்டியில் பஸ் நின்றது.
றைவர் ஞானசீலன் அண்ணை
பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தார்.
கச்சான் பை கைமாறியது, காலடியில் கோது நொறுங்கியது.
"நடையைப் பாருங்கோ பிள்ளையள், முகத்தை விடுங்கோ.
அவள் மாமியைக் கடந்து போகேக்க
ஒரு பக்கம் சரிஞ்சு போவாள்.
இவள் இல்லப்போட்டிக்கு நடக்கிறாள்."
"அண்ணை, நீங்களும் பாக்கிறனீங்களோ!"
கோர்னை அழுத்தினார், முன்னால் ஒரு மாடுகூட இல்லை.

"சுகிர்தா, நீ ஏன் வாயே திறக்கிறாயில்லை?"

"கொஞ்சமும் சாயல் இருக்கக்கூடாது" என்றேன்.

"உனக்கென்ன விசரோ?"
விளக்கம் கேட்டார்கள். நான் கச்சான் உடைத்தேன்.
மங்குளம் சந்தி திரும்பும்வரை
எல்லாக் கட்சியும் ஒன்றுசேர்ந்து
என்னைத்தான் தின்றது.

அக்கா டெங்குவில் போனது மார்கழியில்.
ஆவணியில் எனக்கு எழுத்து.
"அச்சொட்டா அவள்தான், பிள்ளை வித்தியாசம் அறியாது"
என்று சின்னமாமா கதையை முடித்துவைத்தார்.
பிள்ளைக்கு அப்போது ஒன்றரை வயது.
அவர் சொன்னது சரி. அறியவில்லை.

அத்தான் என்று கூப்பிடுவதை
மாற்ற வேண்டியிருக்கவில்லை.
அந்த ஒரு சொல் எனக்கு அளவெடுத்துத் தைத்தது.
மற்றதெல்லாம் அக்காவின் சட்டை:
சங்கக்கடையில் அவள் பெயரால் கூப்பிடுகிறார்கள்,
திருத்தித் திருத்தி அலுத்து
இப்போது "ஓம்" என்று சீனி வாங்குகிறேன்.

சோறு போடும்போது அத்தான் நிமிர்ந்து பார்ப்பார்.
எதையோ சொல்ல வாயெடுப்பார்.
பிறகு தண்ணீர் கேட்பார்.
எந்த முகத்துக்கு வந்த வார்த்தை அது?
நான் செம்பை நீட்டுவேன்.

போன கிழமை அலுமாரிக்குள் துழாவி
பிள்ளை ஒரு படத்தை எடுத்து வந்தது.
வவுனிக்குளக் கட்டில், மஞ்சள் சுடிதாரில்,
காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அக்கா.

"அம்மா, இதில நீங்கள் மெலிவு."

ஓடும் பஸ்ஸுக்குள் இதை எங்கே வைத்துச் சொல்வது?
படத்தை வாங்கித் துடைத்தேன்.
தூசி இருக்கவில்லை.
"ஓம்" என்றேன்.
"அப்ப நான் சரியான மெலிவு."

மல்லாவியில் இறங்கினேன்.
நாடகத்துக்குப் பத்து நிமிடம்.
பஸ் இழுக்கிற நேரம் விதுசா யன்னலால் தலையை நீட்டி,
"அக்கா, மச்சம் இண்டைக்கு
எந்தப் பக்கமெண்டு பாத்து வையுங்கோ!"

அவளுக்கு நாடியில் இருந்தது. சின்னது.
அந்தப் படத்தில்
உச்சி வெயில், நாடி நிழலுக்குள்.