கதவுச் சட்டம்

பொலிஸ் கொப்பியில் முதலில் கதவுதான் ஏறியது.
அரச சொத்து.
கண்ணாடியின் நீளம் கேட்டார், அகலம் கேட்டார்,
கணக்காளரிடம் கடிதம் எடுத்துவரச் சொன்னார்.
"இதுக்குப் பிணை எடுக்கிறது கஷ்டம், மிஸ்" என்றார் சார்ஜன்ட்,
நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு.

என் விரல் அடுத்த பக்கத்தில்.
"சாதாரண காயம்" என்று எழுதினார்.
சாதாரண காயம் இணக்கசபைக்குப் போகும்,
வேலிச் சண்டைகளும் கைமாற்றுக் கடன்களும் போகிற இடத்துக்கு.

வலது கைச் சுட்டுவிரல்.
டெங்குவில் வற்றிப்போன குழந்தையின் கையில்
கண்ணுக்குத் தெரியாத நாளத்தைப்
பதினொரு வருடமாகத் தொட்டுச் சொன்ன விரல்:
இங்கே. இப்போது. குத்து.

அன்றிரவு நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிள்.
பத்தொன்பது வயது.
இறக்கும்போதே அம்புலன்ஸ் பெடியன் டிலக்சன்
என் கண்ணைப் பார்க்காமல் இருந்தான்.
டொக்டர் றிஸ்மியாவும் நானும் மாறிமாறி
இருபத்தெட்டு நிமிடம் அந்த நெஞ்சை அழுத்தினோம்.
வெளியே அண்ணன்காரன் கதவை உதைத்தான்:
"உள்ளுக்க வச்சு என்ன செய்யிறீங்கள்?"

என்ன செய்தோம் என்று சொல்லத்தான் போனேன்.
யாரும் அனுப்பவில்லை. நானாகப் போனேன்.
அதை எழுத முறைப்பாட்டில் இடமில்லை.

கதவுக்கும் கதவின் சட்டத்துக்கும் நடுவே என் விரல்.
பிறகுதான் கண்ணாடி.
வாயில்காவலருக்கு அறுபத்திரண்டு வயது, கையில் ஒரு விசில்.
ஊதினார்.
வளவுக்குள் படுத்திருந்த மான்கள் எழுந்து நின்றன.
அவற்றில் ஒன்றின் கால் முறிந்திருந்தால்
விடியமுதல் ஒரு திணைக்களமே வந்திருக்கும்.

கதவுக்கு இரண்டு சட்டம்:
அலுமினியத்தில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று.

ஞாயிறு இணக்கசபைக்கு அமலதாஸ் வந்தான்,
சொப்பிங் பையில் ஒரு விளைமீனோடு.
தம்பியின் முப்பத்தொன்று இன்னும் முடியவில்லை.
"அண்டைக்கு எனக்கு என்ன நடந்ததெண்டு தெரியேல்ல அக்கா."
எனக்குத் தெரியும் என்றேன்.
மீனை வாங்கினேன், இடது கையால்.
ஒற்றைக் கையால் செதில் உரிக்க
முக்கால் மணித்தியாலம் ஆனது.

மன்னிப்பு என்னுடையது, கொடுத்துவிட்டேன்.
சட்டம் என்னுடையதல்லவே.
தம்பலகாமத்திலிருந்து கடைசி பஸ்ஸில்
இரவுப் பணிக்கு வருகிற ஹர்ஷிக்கு அது வேண்டும்.
மூதூர் வீதியில் தனியே ஒரு வீட்டுப் படலையைத் திறக்கிற
டிலக்சனுக்கு வேண்டும்.
அடுத்த அமலதாசுக்கும் வேண்டும்,
ஓங்கிய கையை அரைக் கணம் நிறுத்துவதற்கு.

பழி கேட்கவில்லை, ஐயாமாரே, அம்மாமாரே,
பாராளுமன்றத்தில் இருக்கிறவர்களே,
ஒரு வரி கேட்கிறேன்:
உயிர் பிடித்துக்கொண்டிருக்கிற கையை முறிப்பது
சாதாரண காயம் அல்ல என்று.
முறைப்பாடு ஆஸ்பத்திரியின் பெயரில் போகட்டும்,
அடிபட்டவள் வீட்டு விலாசத்தில் வேண்டாம்.
இரவில், விசிலுக்குப் பதில்
இரண்டு ஆட்கள்.

ஒன்பதாம் நாள் புதுக் கண்ணாடி வந்துவிட்டது.
விலை ஒட்டிய தாளை இன்னும் உரிக்கவில்லை.
விரல் கொஞ்சம் கோணலாகப் பொருந்தியிருக்கிறது.
இடது கைக்கு நாளம் தேடப் பழக்குகிறேன்,
என் கணவரின் முழங்கையில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு.
அவர் பொறுத்துக்கொள்கிறார்.
திங்கள் எனக்கு இரவுப் பணி.