காய்ச்சல் பார்த்தல்

பதினாறாம் நாள் உச்சி முகர்ந்தேன்.
"தூங்குற பிள்ளைய முத்தாத,
பெத்தவ கண்ணுதான் மொதக் கண்ணு"
என்று வாயைத் துடைக்கச் சொன்னாள் போதுமணி மதினி.

நாலு வயசில்
இடுப்பை விட்டு இறக்கவில்லை என்றார்கள்.
ஏழில், கணக்கில் முட்டை வாங்கியதற்கு அடித்தேன்;
மாடி வீட்டுக்காரி எட்டிப் பார்த்து
பெத்தவளா இவ என்றாள்.
அடிக்காத வாரத்தில்
செல்லங்கொடுத்தே கெடுக்குறா என்றதும் அவள்தான்.

பதிமூன்றில் மீசை அரும்பியது.
செல்லூர் அறுபதடி ரோட்டில்
என் தோளில் கைபோட்டு நடந்து வந்தான்.
அன்று ராத்திரியே அண்ணனுக்குப் போன்:
வளந்த பையன், தகப்பன் வேற இல்லாத வீடு,
பாத்து இருக்கச் சொல்லுங்க.
எதைப் பாத்து என்று அண்ணன் கேட்கவில்லை.
நானும்.

அதற்கப்புறம் காய்ச்சல்தான் வழி.
காய்ச்சல் பார்க்கிற கையை
எந்தத் தெருவும் ஒன்றும் சொல்வதில்லை.
புறங்கையை நெற்றியில் வைப்பேன், பிறகு கழுத்தில்.
ஊரே வேகிற வைகாசியிலும்
"லேசா சுடுதுடா."
ஜெராக்ஸ் கடையில் நாளெல்லாம்
சூடான தாள் எடுக்கிற கை,
எது சூடு என்று அதற்குத் தெரியாதா.
அவனும் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை.

இன்றைக்கு ஆரப்பாளையத்தில்
கோயம்புத்தூர் வண்டி. காலேஜ், ஆஸ்டல்.
வழியனுப்பப் பதினோரு பேர்.
பதினோரு பேரும் பஸ்ஸைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தார்கள்.
அழுதால்
நல்ல காரியத்துக்குப் போற பிள்ளை முன்னால என்பார்கள்.
அழாவிட்டால் கல்லு.
மதினி எனக்கும் சேர்த்து அழுதுகொண்டிருந்தாள்,
முந்தானை நனைய,
நல்லாத்தான் அழுதாள்.

சோலைராசு
சீட்டில் பையைப் போட்டுவிட்டு இறங்கி வந்தான்.
என்னைவிட ஒரு சாண் உயரம் இப்போது.
ஒன்றும் சொல்லாமல்
குனிந்து நெற்றியை நீட்டினான்.

வைத்தேன்.

"சுடுதா?" என்றார் கருத்தபாண்டி அண்ணன்.
"லேசா மாமா" என்றான், எனக்கு முந்தி.

அண்ணன் பதறி மாத்திரை வாங்க ஓட,
துணைக்கு ரெண்டு பேர் ஓட,
மிச்சப் பேர்
வெறும் வயித்துல போடலாமா கூடாதா என்று மல்லுக்கட்ட,
கண்டக்டர் விசில் ஊதுகிற வரைக்கும்
என் கையை யாரும் பார்க்கவில்லை.

"வார் அந்துருச்சு பாரு" என்றான்,
குனிந்த தலையோடு, என் செருப்பைப் பார்த்து.
"ஊக்குக் குத்தி ஓட்டாதம்மா.
புதுசு வாங்கு."