ஆயிரத்து இருநூற்றுப் பதினேழு பிழைகள்

ஓஸ்ட்ராவாவில் பிப்ரவரி.
டிராம் கம்பிகளில் அழுக்குப் பனி.
மரண அறிவிப்பு அச்சடிக்கும் கடையில்
திருமதி ஹவ்ரான்கோவா
கணினியை என் பக்கம் திருப்புகிறார்,
வாய் திறக்க மறுக்கும் பிள்ளையைப்
பல் மருத்துவரிடம் திருப்புவதுபோல.

திரையில் சிவப்பு வட்டம்:
ஆயிரத்து இருநூற்றுப் பதினேழு பிழைகள்.
"நேற்று மாலைதான் எல்லாவற்றையும் சரிசெய்தேன்.
விடிவதற்குள் மறுபடி முளைத்துவிடுகின்றன."

திறந்து பார்த்தேன்.
உலாவி விட்டுச்சென்ற குக்கீகள் எழுநூறு.
என்றோ தூக்கிப்போட்ட அச்சு இயந்திரத்தின்
பெயர் மட்டும் தங்கிய பதிவேட்டு வரிகள்.
ஒன்றுமில்லாத கோப்புறைகள்.
அலமாரியில் காலி டப்பா இருப்பதற்காக
யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்களா?

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டும் கை
ஆண்டுக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கொருனா வாங்குகிறது,
ஆட்டுவதற்கு மட்டும்.
கிள்ளல் இலவசம்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
விசிறியில் சாம்பல்நிறப் பூனைமுடி,
ஒரு தொப்பி பின்னலாம்.
நான்கு ஜிபி நினைவகம்.
பதினோரு வயது வட்டு
கடைவாயில் கல் அகப்பட்டதுபோல் நறநறத்தது.
வட்டத்துக்கு இதெல்லாம் தெரியவில்லை.
தெரிந்தாலும் துடைக்க அதற்குக் கையில்லை.

பிறகுதான் அக்டோபர் கதையைச் சொன்னார்.
'ஒத்த படங்களை நீக்கு' என்று ஒரு பொத்தான்.
அழுத்தினார்.
ஷெபெலா சகோதரர்கள் இரட்டையர்.
வெண்டெலீன் போய் மூன்று வருடம்,
ஓட்மார் அந்த வாரம்.
ஒரே கழுத்துப்பட்டை, ஒரே புகைப்படக் கடை, ஒரே மீசை.
மென்பொருள் யோசித்து
ஒருவரைப் போதுமென்றது.
நாற்பது தாள்கள் ஒட்டி முடிந்தபின்
யார்மிலா ஷெபெலோவா வந்து நின்றாராம்:
"பெயர் என் கணவருடையது.
காது அவருடைய அண்ணனுடையது."

அன்றிரவு திருமதி ஹவ்ரான்கோவா
சுரண்டும் தகடோடு
நிறுத்தம் நிறுத்தமாக நடந்து
நாற்பதையும் உரித்தெடுத்தார்.
அந்தப் பொத்தானால் மிச்சமான இடம்
இரண்டு மெகாபைட்.

நான் சிரிக்கவில்லை. எனக்கும் ஒரு கதை உண்டு.
எக்ஸ்பி காலத்தில்
சிதறிய வட்டை ஒழுங்குபடுத்தும் நிரலை ஓடவிட்டு
நீலச் சதுரங்கள் ஒவ்வொன்றாய்
வரிசையில் வந்து உட்காருவதை
விடியவிடியப் பார்த்திருக்கிறேன்.
வேகம் கூடியதா?
நினைவில்லை.
சதுரங்கள் நினைவிருக்கின்றன.

வட்டை மாற்றினேன். நினைவகம் சேர்த்தேன்.
மென்பொருளை நீக்கப்போனால்
அது கண் கலங்கிய முகம் ஒன்றைக் காட்டி
உண்மையாகவா என்றது,
பாதி விலைக்கு இருந்துவிடுகிறேன் என்றது,
மூன்றாவது முறை
ஏன் என்று மட்டும் கேட்டது.

நான்கு நிமிடம் பத்து நொடி எடுத்தது
இப்போது இருபத்திரண்டு நொடியில் எழுகிறது.
நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"முன்பு இது எழுவதற்குள் காபி போட்டுவிடுவேன்,"
என்றார் அவர்.
கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல்:
"கடை சாத்தும்போது அழுத்துவேன்.
வட்டம் பச்சையாகும்.
எல்லாம் நலம் என்று எழுதிக் காட்டும்.
பகல் முழுக்கச் செத்தவர்கள் பெயரைக் கோத்தபின்
அதைப் படித்துவிட்டுத்தான் கோட்டு மாட்டுவேன்.
பொய்யா அது?"

பொய்தான்.
பதிவேட்டைத் துடைத்து யாருக்கும் வேகம் வந்ததில்லை.
இதைத்தான் சொல்ல வாய் திறந்தேன்,
ரசீதில் விசிறி சுத்தம் என்பதை அடித்துவிட்டு
அதற்குக் காசு வேண்டாம் என்றேன்.

அந்நேரம் பூனை வந்தது.
வழக்கம்போலக் கணினிப் பெட்டிமேல் ஏறிச்
சுருண்டு படுத்து,
அடியில் சூடு இல்லாததை உணர்ந்து எழுந்து
என்னை ஒரு முறை முறைத்துவிட்டு
அச்சு இயந்திரத்தின்மேல் போய் உட்கார்ந்தது.
அதனடியிலிருந்து
யாருடைய பெயரோ
வெதுவெதுப்பாக வெளியே வந்துகொண்டிருந்தது.